ஆறு லட்சத்து இருபத்தையாயிரத்து ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். பெரிய எண் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் குணங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வானொலியில் கணக்கு பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம்தான், கரும்பலகை கிடையாது, நான் சொல்கிற இலக்கங்களை நீங்கள் காதால் பிடித்து மனதில் நிறுத்தவேண்டும். பக்கத்தில் ஒரு துண்டுத்தாளும் பேனாவும் இருந்தால் நல்லது. அடுப்படியில் கை வேலையாக இருப்பவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள், அப்புறம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் எடுத்துக்கொண்ட எண் 625001.

மதுரைக்காரர்கள் சிரிப்பீர்கள். இது மீனாட்சியம்மன் கோயில் வட்டாரத்துக்கும் தலைமைத் தபால் நிலையத்துக்கும் உரிய பின்கோடு, கல்யாணப் பத்திரிகையிலிருந்து கரண்ட் பில் வரை நூறு இடத்தில் எழுதியிருப்பீர்கள். ஆனால் அதை ஓர் எண்ணாக, ஆறு லட்சத்து இருபத்தையாயிரத்து ஒன்று என்று ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பீர்களா? நான் தபால் துறையில், ரயில்வே மெயில் சர்வீஸ், சுருக்கமாக ஆர்.எம்.எஸ். என்று சொல்வார்களே, அங்கே கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தவன். பிரிக்கிறவன் பின்கோடை எண்ணாகப் படிக்கமாட்டான். முதல் மூன்று இலக்கத்தைக் கண் பிடிக்கும், கை தானாக அந்தக் கட்டத்தில் கடிதத்தைப் போட்டுவிடும். கடைசி மூன்று இலக்கம் அடுத்த ஆளின் கவலை. கல்லூரியில் கணக்கு படித்தவன் என்பதால் எனக்கு மட்டும் ஒரு கெட்ட பழக்கம், ராத்திரி ஷிப்டில் பைகள் வரத் தாமதமானால் ஏதாவது ஒரு பின்கோடை எடுத்து ஒரு பழைய லேபிளின் பின்பக்கத்தில் அதை வகுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கு உங்களிடம் சொல்லப்போவது எல்லாம் அப்படி வகுத்துப் பார்த்த கணக்குகள்தான்.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி வகுத்துக் கொடுத்த முறை அது, அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம், முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்றும் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால் நிலையம். நம்முடைய 625 தேனிக்கும் போடிக்கும் கம்பத்துக்கும் கூடப் பொது. மாவட்டம் பிரிந்துபோனது, 625 பிரியவில்லை.

ஆறு இலக்க எண்ணைப் பெரிய எண் என்கிறாயே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், கணக்குக்காரர்கள் கோடி இலக்கம் உள்ள எண்ணையெல்லாம் பார்த்துவிட்டார்கள். பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண், 2024 அக்டோபரில் கண்டுபிடித்த பகா எண்ணுக்கு மட்டும் நாலு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் என்ன செய்யமுடியும்? 625001 கையால் போட்டு முடிக்கிற அளவுக்குச் சின்னது, மனக்கணக்கில் அடங்காத அளவுக்குப் பெரியது. எனக்கு அதுபோதும்.

முதலில் 625. இது 25-இன் வர்க்கம், அதாவது ஐந்தை நாலு தடவை பெருக்கினால் வருவது. இதற்கு ஒரு பிடிவாதக் குணம் உண்டு. 625-ஐ 625-ஆல் பெருக்குங்கள், 390625. கடைசியில் மறுபடியும் 625. இன்னொரு தடவை பெருக்குங்கள், 244140625, மறுபடியும் 625. எத்தனை தடவை பெருக்கினாலும் வால் மாறாது. மூன்று இலக்க எண்களில் இப்படிப்பட்டவை இரண்டே இரண்டுதான், நம்முடைய 625 ஒன்று, 376 இன்னொன்று. இரண்டையும் கூட்டினால் 1001 வரும். இந்த 1001-ஐ மனதில் வையுங்கள், இப்போதே தேவைப்படும்.

ஏன் வால் மாறுவதில்லை? 625-இன் வர்க்கத்திலிருந்து 625-ஐக் கழித்தால் 390000, மூன்று சைபரில் முடிகிறது, அதனால்தான். 390000 எங்கிருந்து வந்தது என்றால் 625-ஐ 624-ஆல் பெருக்கினால் வந்தது. 625-க்குள்ளே ஐந்து நிறைய இருக்கிறது, 624-க்குள்ளே எட்டு இருக்கிறது, சைபர் விழ வேண்டியதெல்லாம் இந்த இரண்டும்தான். 624-ஐயும் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, 1001. இது 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் வருகிற எண். இதை வைத்து ஆறு இலக்க எண் எதையும் ஒரே கழித்தலில் சோதிக்கலாம். முன் மூன்று இலக்கத்திலிருந்து பின் மூன்று இலக்கத்தைக் கழியுங்கள், அல்லது பெரியதிலிருந்து சிறியதை. வருகிற விடை 7-ஆல் வகுபட்டால் மொத்த எண்ணும் 7-ஆல் வகுபடும், 11-க்கும் 13-க்கும் அப்படியே. 625001-க்குப் போடுங்கள், 625-இல் ஒன்று போனால் 624. முன்னால் பார்த்த அதே 624. ஏழால் வகுத்தால் மீதி வருகிறது, பதினொன்றால் வகுத்தாலும் மீதி. பதின்மூன்றால்? 13-ஐ 48-ஆல் பெருக்கினால் 624, சரியாகப் போகிறது. ஆக மதுரைத் தலைமைத் தபால் நிலையத்தின் எண் 13-ஆல் வகுபடும்.

இந்தச் சோதனை மதுரைப் பக்கத்துப் பின்கோடு எல்லாவற்றுக்கும் நடக்கும், ஏனென்றால் முன் பாதி எப்போதும் 625தான், உங்கள் ஊரின் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் கழித்தால் போதும். வாடிப்பட்டி 625218. கழித்தால் 407, அது 11 பெருக்கல் 37. ஆகவே வாடிப்பட்டி எண் 11-ஆல் வகுபடும்.

625001-ஐ 13-ஆல் வகுத்தால் 48077. இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பம். இதற்குக் குறுக்குவழி கிடையாது, பகா எண் ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்க்கவேண்டும். எதுவரை? 219-இன் வர்க்கம் 47961, 220-இன் வர்க்கம் 48400, காரணிகள் ஜோடியாகத்தான் வரும், இரண்டுமே 219-ஐத் தாண்டினால் பெருக்கல் 48077-ஐத் தாண்டிவிடும், ஆகவே 219 வரை போதும், அதற்குள் காரணி எதுவும் அகப்படாவிட்டால் அது பகா எண். 219-க்குள் 47 பகா எண்கள் இருக்கின்றன. இரண்டும் மூன்றும் ஐந்தும் பார்த்த மாத்திரத்தில் போய்விடும். ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. சே, ஒன்றே ஒன்றில் தப்பிவிட்டதே என்று தோன்றும். பதினொன்று, பதின்மூன்று ஆகவில்லை. 17-ஆல் வகுத்தால் மறுபடியும் மீதி ஒன்று! அப்புறம் 19, 23, 29 என்று வரிசையாகப் போய் 101-க்கு வந்தால் அங்கேயும் மீதி ஒன்று. மூன்று தடவை ஒன்றில் தப்புகிறது என்றால் என்ன அர்த்தம்? முந்தின எண்ணான 48076-இல் இந்த மூன்றும் குடியிருக்கின்றன என்று அர்த்தம். போட்டுப் பாருங்கள், 7, 17, 101 மூன்றையும் பெருக்கி நாலால் பெருக்கினால் 48076 அச்சாக வரும். அந்த எண் அத்தனையையும் வாரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் இருக்கிற 48077-க்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் போனால் 131-இல் விழும். 131-ஐ 367-ஆல் பெருக்கினால் 48077. 367-ஐத் தனியாகச் சோதிக்கவேண்டாம், அதற்குள் சின்னக் காரணி இருந்திருந்தால் வழியிலேயே அகப்பட்டிருக்கும். ஆக,

625001 = 13 × 131 × 367.

13, 131 என்று ஒன்றை ஒன்று எதிரொலிக்கிற மாதிரி அமைந்தது தற்செயல்தான், அதில் அர்த்தம் தேடவேண்டாம். நியூமராலஜிக்காரர்கள் தேடுவார்கள், இலக்கங்களைக் கூட்டினால் 14, அதைக் கூட்டினால் 5, புதனுக்கு உரியது என்று பலன் சொல்வார்கள். எண்ணைப் பத்துப் பத்தாக அடுக்கி எழுதுகிறோம் என்பதால் வருகிற கூட்டுத்தொகை அது. எட்டெட்டாக அடுக்கி எழுதினால் கூட்டுத்தொகை வேறாகிவிடும், புதன் போய் வேறு கிரகம் வந்துவிடும். 13, 131, 367 மட்டும் எப்படி எழுதினாலும் மாறாது. கூட்டுத்தொகை எழுதும் முறையின் குணம், காரணி எண்ணின் குணம்.

இப்போது ஒரு படி பின்னால் வாருங்கள், 625000. இதற்குள் இருப்பது இரண்டும் ஐந்தும் மட்டும், மூன்று இரண்டு, ஏழு ஐந்து. வேறு எதுவும் கிடையாது. அதற்கு அடுத்த எண்ணில் இரண்டும் இல்லை, ஐந்தும் இல்லை, 13-உம் 131-உம் 367-உம். இது எல்லா அடுத்தடுத்த எண்களுக்கும் உள்ள விதி, ஒன்றில் இருக்கிற காரணி அடுத்ததில் இருக்கவே முடியாது, ஒன்றைத் தவிர. ஏழின் மடங்குகள் ஏழு ஏழாகத் தள்ளித்தானே நிற்கின்றன, அடுத்த எண்ணில் எப்படி வரும்? ஒட்டுச் சுவர் உள்ள இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் ஒரு சொட்டு ரத்த உறவு இல்லாத மாதிரி. எண் எவ்வளவு பெரியது, யாருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதை வைத்து அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவே முடியாது. எனக்கு இதில் இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

வாருங்கள், மதுரைக்குள் ஒரு சுற்று போய்வருவோம். 625002 தல்லாகுளம். 2, 3, 7, 23, 647. 625003 பழங்காநத்தம், அது 113 பெருக்கல் 5531, அவ்வளவுதான், இரண்டே காரணி, இரண்டும் பகா எண். பசுமலை 625004. இரண்டு இரண்டு, 37, 41, 103.

அப்புறம் 625005, திருப்பரங்குன்றம். இந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம். மூன்று இரண்டு தடவை, 5, 17, 19, 43. எல்லாமே சின்னச் சின்னப் பகா எண்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஓர் ஒற்றை எண் ஐம்பதைத் தாண்டாத பகா எண்களாலேயே கட்டப்பட்டிருப்பது அடிக்கடி நடப்பதில்லை. இதை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் மொத்தம் 48. தலைமைத் தபால் நிலையத்து எண்ணுக்கு எட்டே எட்டு. எப்படி எண்ணுவது என்றால், ஒவ்வொரு பகா காரணியும் எத்தனை தடவை வருகிறதோ அதோடு ஒன்று கூட்டி, கிடைத்ததையெல்லாம் பெருக்கவேண்டும். 625005-க்கு மூன்று இரண்டு தடவை வருவதால் 3, மற்ற நாலும் ஒரு தடவை என்பதால் நாலு 2, பெருக்கினால் 48.

இந்த எண்ணிக்கை விஷயத்தில் ராமானுஜன் ஒரு பெரிய கட்டுரை எழுதியிருக்கிறார், 1915-இல் லண்டனில் வெளிவந்தது. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்கள் எவை என்பது கேள்வி. ராமானுஜன் என்றதும் 1729 என்று ஆரம்பிக்கப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்த எண் பாவம், மேடை மேடையாக ஏறிக் களைத்துப்போயிருக்கிறது, இன்றைக்கு விட்டுவிடுவோம். அவருடைய உழைப்பைப் பார்க்க வேண்டும் என்றால் இந்தக் கட்டுரையைத்தான் பார்க்கவேண்டும். அதில் அப்படிப்பட்ட எண்களை வரிசையாக அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார், கடைசி எண் 6746328388800, ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. அதற்கு வகுத்திகள் 10080. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் போட்ட அட்டவணை, அதில் விடுபட்டது ஒரே ஓர் எண், 293318625600. அதற்கு வகுத்திகள் 5040, கடைசி எண்ணின் எண்ணிக்கையில் சரிபாதி. வேடிக்கை என்னவென்றால் விடுபட்ட அந்த எண்ணை 23-ஆல் பெருக்கினால் அவருடைய அட்டவணையின் கடைசி எண் வந்துவிடுகிறது. நம் 625005 இந்தப் போட்டியிலெல்லாம் நிற்காது, அதற்குக் கீழேயே 554400 என்ற எண் 216 வகுத்திகளோடு இருக்கிறது. ஆனால் 554400 இரட்டை எண், ஐந்து இரண்டு உள்ளே இருக்கிறது. ஒற்றை எண்ணாக இருந்துகொண்டு 48 என்பது மோசமில்லை.

திருநகர் 625006-ஐச் சட்டென்று தாண்டிவிடலாம், 2, 47, 61, 109. அடுத்தது 625007, கே.புதூர். இதில் எதுவும் நுழையாது. இரண்டு போகாது, மூன்று போகாது, 625-இல் ஏழு போனால் 618, அது 7-ஆலும் 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. 17, 19 என்று மேலே போகவேண்டும், 790 வரை. ஏனென்றால் 790-இன் வர்க்கம் 624100, 791-இன் வர்க்கம் 625681. 790-க்குள் 138 பகா எண்கள் உண்டு, 138-க்கும் மீதி விழும். முழுவதும் வகுத்துப் பார்த்தால் கை வலிக்கும், ஆனால் சந்தேகம் தீரும், 625007 பகா எண். 625001-இல் ஆரம்பித்து 625022 வரை பகா எண் இது ஒன்றுதான். புதூர்க்காரர்கள் இதை விலாசத்தில் எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

இருபத்திரண்டு எண்ணில் ஒன்றே ஒன்றா, இவ்வளவு கம்மியா என்றால், கொஞ்சம் கம்மிதான். இந்த அளவுள்ள எண்களில் சராசரியாகப் பதின்மூன்றுக்கு ஒன்று பகா எண்ணாக வரும். எண்ணில் ஓர் இலக்கம் கூடினால் இந்தப் பதின்மூன்று ஏறத்தாழ இரண்டேகாலால் கூடும். சராசரி இப்படி ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அடுத்த பகா எண் எங்கே என்று கேட்டால் போய்த் தேடித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு குணத்துக்கு வருகிறேன். ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதமுடியுமா? 625000-ஐ எழுதலாம், 750-இன் வர்க்கமும் 250-இன் வர்க்கமும். 625001? இதற்கு ஒரு வாசல்படிச் சோதனை இருக்கிறது. எந்த வர்க்கத்தையும் நாலால் வகுத்தால் மீதி சைபர் அல்லது ஒன்று, வேறு வராது. இரண்டு வர்க்கத்தைக் கூட்டினால் மீதி சைபர், ஒன்று, இரண்டு, இந்த மூன்றில் ஒன்றுதான். மூன்று வரவே வராது. புதூரின் 625007-ஐ நாலால் வகுத்தால் மீதி மூன்று, வாசலிலேயே நின்றுவிட்டது. 625001-க்கு மீதி ஒன்று, உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் உள்ளே இன்னொரு சோதனை. நாலால் வகுத்தால் மூன்று மீதி வருகிற பகா காரணி ஏதாவது இருந்தால் அது ஜோடியாகத்தான் இருக்கவேண்டும். 131-க்கு மீதி மூன்று, தனியாக நிற்கிறது. 367-க்கும் மூன்று, அதுவும் தனி. ஆகவே 625001-ஐ எத்தனை பேர் உட்கார்ந்து எத்தனை நாள் தேடினாலும் இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்கமுடியாது. தேடாமலே சொல்லிவிடலாம், அதுதான் இந்த விதியின் அழகு. இதன் மூலக்கருத்தை, அதாவது நாலால் வகுத்தால் ஒன்று மீதி வருகிற பகா எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்பதை, பிரெஞ்சுக் கணக்குக்காரர் பெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். நிரூபணத்தை எழுதாமல் விட்டார். அவருக்கு அது வழக்கம். அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணக்கு மேதை வந்து நிரூபித்தார்.

அப்படிப் பிரிகிற எண் வேண்டுமென்றால் தேனி சாலையில் மேற்கே போகவேண்டும், பல்கலை நகர், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 625021. எழுதிக்கொள்ளுங்கள். 789-இன் வர்க்கம் 622521, 50-இன் வர்க்கம் 2500, கூட்டினால் 625021. அதோடு நிற்கவில்லை, 786-இன் வர்க்கம் 617796, 85-இன் வர்க்கம் 7225, கூட்டுங்கள், மறுபடியும் 625021. இரண்டு வழி! பகா எண்ணாக இருந்தால் ஒரே ஒரு வழிதான் இருக்கும். இரண்டு வழி வந்துவிட்டது என்றாலே உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது.

ஒளிந்திருப்பது 617-உம் 1013-உம். இரண்டும் பகா எண்கள், இரண்டையும் நாலால் வகுத்தால் மீதி ஒன்று. 617 என்பது 16, 19 இவற்றின் வர்க்கங்கள் சேர்ந்தது, 1013 என்பது 22, 23 இவற்றின் வர்க்கங்கள் சேர்ந்தது. இப்படி இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவதும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவே இருக்கும், அதுவும் பொதுவாக இரண்டு விதத்தில். இதைச் செய்து காட்டுகிற வாய்பாட்டுக்கு இன்றைக்கு உலகம் முழுவதும் பிரம்மகுப்தர் பெயர்தான், ஏழாம் நூற்றாண்டுக்காரர். 16-ஐ 22-ஆல் பெருக்கி, 19-ஐ 23-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் 789. 16-ஐ 23-ஆலும் 19-ஐ 22-ஆலும் பெருக்கி வித்தியாசம் எடுத்தால் 50. கூட்டின இடத்தில் கழித்து, கழித்த இடத்தில் கூட்டினால் 85-உம் 786-உம்.

இந்த 625021-ஐச் சாதாரண வழியில் உடைக்கப்போனால் 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போய் 617 வரை கையில் ஒன்றும் கிடைக்காது. நூற்றுக்கு மேற்பட்ட வகுத்தல்கள் வீண். பெர்மா இதற்கு வேறு வழி சொன்னார். எண்ணின் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை, இங்கே 791-ஐ, எடுத்து வர்க்கப்படுத்தி, அதிலிருந்து நம் எண்ணைக் கழித்துப் பாருங்கள், மிச்சம் ஒரு முழு வர்க்கமா? 791-க்கு மிச்சம் 660, முழு வர்க்கம் இல்லை. 792, 793 என்று ஏறிக்கொண்டே போங்கள். 815-க்கு வந்தால் அதன் வர்க்கம் 664225, கழித்தால் 39204, அது 198-இன் வர்க்கம். முடிந்தது கதை, 815-இலிருந்து 198 போனால் 617, 815-ஓடு 198 சேர்ந்தால் 1013. இருபத்தைந்தாவது படியில் உடைந்துவிட்டது. இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரத்தில் இல்லாததால் இவ்வளவு சீக்கிரம், தூரமாக இருந்தால் இந்த வழியும் காலை வாரிவிடும்.

சின்னக் காரணி எதுவும் இல்லாமல், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்தான் இன்றைக்கு கம்ப்யூட்டர் வழியே போகிற ரகசியச் செய்திகளுக்கு உலகத்தின் பூட்டு. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூன்று பேர் செய்த ஏற்பாடு, மூவரின் முதல் எழுத்தைச் சேர்த்து ஆர்.எஸ்.ஏ. என்பார்கள். பெருக்கி வந்த எண்ணை ஊரறியச் சொல்லிவிடலாம், அதை வைத்து யார் வேண்டுமானாலும் பூட்டலாம். திறக்கவேண்டும் என்றால் உள்ளே இருக்கிற இரண்டு காரணிகளும் தெரிந்திருக்கவேண்டும். பெருக்குவது நொடி வேலை, பிரிப்பது யுக வேலை, பூட்டின் பலம் முழுக்க இதில்தான் இருக்கிறது. அந்த வருஷமே 129 இலக்க எண் ஒன்றை ஒரு பத்திரிகையில் போட்டு, முடிந்தால் உடையுங்கள் என்று சவால் விட்டார்கள். உடைய 17 வருஷம் ஆனது, 1994-இல், நூற்றுக்கணக்கான பேர் தங்கள் கம்ப்யூட்டர்களை இணையத்தின் வழியே சேர்த்துக்கொண்டு உடைத்தார்கள், 64 இலக்கத்தில் ஒன்று, 65 இலக்கத்தில் ஒன்று. 2020-இல் 250 இலக்க எண் ஒன்றை உடைத்தார்கள், கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடுகிற ஒற்றைப் பகுதியில், கோர் என்பார்கள், அதில் மட்டும் ஓட்டியிருந்தால் ஏறத்தாழ 2700 வருஷம் ஓடவேண்டிய கணக்கு அது. இன்றைக்கு இணையதளங்களில் பரவலாகப் பயன்படுகிற ஆர்.எஸ்.ஏ. பூட்டு 2048 பிட் அளவு, அதாவது சைபரும் ஒன்றும் மட்டும் வைத்து எழுதினால் 2048 இலக்கம், பத்தடுக்கில் எழுதினால் 617 இலக்கம். பல்கலைக்கழகத்தின் 625021-க்குள் இருந்த அதே 617! தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த 617 இலக்க எண்ணைக் கொடுத்து இது பகா எண்ணா இல்லையா என்று மட்டும் கேட்டால், கம்ப்யூட்டர் கண்ணிமைக்கிற நேரத்தில் இல்லை என்று சொல்லிவிடும். சரி, காரணிகள் என்ன என்று கேட்டால் வாயைத் திறக்காது. வகுத்தே பார்க்காமல் எப்படி ‘இல்லை’ என்று தெரிகிறது? பகா எண்ணாக இருந்தால் நிறைவேற்றியே தீரவேண்டிய சில கணக்குகள் இருக்கின்றன, அதில் தவறினால் பகா எண் இல்லை என்று உறுதி, உள்ளே இருப்பது யார் என்று தெரியவேண்டிய அவசியமில்லை. எந்த எண்ணாக இருந்தாலும் பகா எண்ணா இல்லையா என்று ஐயத்துக்கு இடமில்லாமல், எண்ணின் நீளத்துக்கு ஏற்ற நியாயமான நேரத்துக்குள் சொல்லமுடியும் என்பதை 2002-இல் நிரூபித்தவர்கள் நம் நாட்டுக்காரர்கள், கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. கயாலும் சக்சேனாவும் அப்போது மாணவர்கள். காரணிகளைப் பிரித்தெடுக்க அதுமாதிரி வேகமான வழியைச் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு இதுவரை யாரும் காட்டவில்லை. அப்படி ஒரு வழி கிடையாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. உலகம் பூட்டிவிட்டுத் தூங்குவது இந்த நிலைமையை நம்பித்தான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கணக்கு விட்டுப்போகிறேன். பல்கலைக்கழகத்துக்கு முன்னாலேயே வருகிற ஊர் நாகமலைப் புதுக்கோட்டை, பின்கோடு 625019. அதற்குள் இரண்டே இரண்டு பகா எண்கள் ஒளிந்திருக்கின்றன. சின்னது 350-க்கும் 360-க்கும் நடுவில். அந்த இடைவெளியில் பகா எண்களே இரண்டுதான், ஒன்று சரியாகப் போகும், ஒன்று மீதி வைக்கும். பெரியது நாலு இலக்கம், கடைசி இலக்கம் ஒன்று. வணக்கம்.